நத்தைக்குச் சளி

என் குரலை இப்போதும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். குழந்தைகளுக்கான கார்ட்டூன் படங்களில் ஒரு மஞ்சள் நத்தை உண்டு. பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் பிந்திப் போகும். மூக்கால் பேசும். எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு வைத்திருக்கும், அந்தச் சாக்கைப் பாட்டாகவே பாடும். அது நான்தான்.

நான் பாடகி இல்லை. இசையமைப்பதுதான் என் வேலை. தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். கிறிஸ்தவக் கோவில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடி, ஆர்கன் வாசிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு கம்ப்யூட்டரில் இசையமைக்கப் படித்தேன். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தேன். கணவருக்குத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை விடுவித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பெங்களூரில் இருக்கும் ஒரு அனிமேஷன் கம்பெனிக்காரர்கள் சத்தமில்லாத படத்தை அனுப்புவார்கள். கதவு திறப்பது, நத்தை சறுக்குவது, மழை பெய்வது எல்லாம் ஊமைப்படமாக வரும். நான் இசை போட்டுத் திருப்பி அனுப்புவேன். இடையிடையே போனில் விளையாடும் சின்ன கேம்களுக்கும் செய்வேன். அதில் பாட்டு முடியவே கூடாது. முடிகிற இடம் தொடங்குகிற இடத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒட்டின இடம் காதுக்குத் தெரியக்கூடாது.

நத்தையின் முதல் பாட்டைப் பாட வேறொருவரைத்தான் பேசியிருந்தார்கள். அவருக்கு மெட்டைச் சொல்லிக் கொடுப்பதற்காக நான் விளையாட்டாக மூக்கால் பாடி அனுப்பினேன். இயக்குநர் மறுநாளே போன் செய்தார். "மேடம், இதையே வச்சுக்கலாம். இதுக்கு மேல ஒரு நத்தை கிடைக்காது."

அப்படித்தான் நான் நத்தை ஆனேன்.

பின்பக்கத்துப் படுக்கையறையில்தான் ஒலிப்பதிவு. துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகள் ஓயாது போய்க்கொண்டிருக்கும். அதனால் மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாய்த்து, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, ஃபேனையும் நிறுத்திவிட்டுப் பாடுவேன். வியர்வை கண்ணில் இறங்கும். பாட்டு நடுவே கப்பல் சங்கு ஊதினால் மறுபடியும் முதலிலிருந்து. அறைக்கு வெளியே என் மகள் தரையில் உட்கார்ந்து காத்திருப்பாள். அப்போது அவளுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. கதவைத் திறந்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு, "நத்தை போயிட்டா?" என்று கேட்பாள். "இங்கனதான் இருக்கு," என்று மூக்கால் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். உலகத்தில் நத்தையை நேரில் பார்த்த ஒரே பிள்ளை தான்தான் என்று அவளுக்குப் பெருமை.

இரண்டாம் வருடம் என் குரல் கரகரக்க ஆரம்பித்தது. சளி என்றுதான் நினைத்தேன். சுக்கு, மிளகு, உப்புத்தண்ணீர் எல்லாம் செய்தாயிற்று. நத்தையின் கடைசிச் சிரிப்பு மேல் ஸ்தாயியில் போய் முடியும். அதை எட்ட முடியவில்லை, நடுவில் உடைந்து காற்றாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்டு, சரியானதும் மறுபடி பாடித் தருகிறேன் என்று எழுதினேன். இயக்குநருக்கோ அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"மேடம், சரியாக வேணாம். இப்படியே இருங்க. நத்தைக்குச் சளி பிடிச்ச மாதிரி ஒரு எபிசோட் பண்ணிடலாம்."

பண்ணினார்கள். நத்தைக்குச் சளி பிடிக்கிறது. குரல் கம்மிப்போகிறது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" என்று சொல்ல முடியாமல் தவிக்கிறது. கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அதற்காக "உள்ளேன்" என்று கத்துகிறார்கள். நான் அந்தப் பாட்டை எப்படி அமைத்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. தவில் மாதிரி ஒரு தும்மல். உடைந்த குரலுக்குப் பின்னால் ஒரு கிளாரினெட், அது நத்தை சொல்ல முடியாத மிச்சத்தைச் சொல்லும். உடைகிற இடங்களைத் தேடித் தேடி வைத்தேன். அந்த எபிசோட்தான் அதிகம் பேர் பார்த்தது என்றார்கள். என் மகளுக்கும் அதுதான் உயிர்.

அந்தக் குரல் உடைப்பு சளி இல்லை.

தூத்துக்குடியில் காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். வழக்கமாகப் பேசிக்கொண்டே பார்ப்பவர் பேச்சை நிறுத்திவிட்டார். மதுரைக்குப் போகச் சொன்னார். அங்கே சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய். குரல்வளை முழுவதும் பரவியிருந்தது. கதிர்வீச்சு மட்டும் போதாது, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

"எடுத்துட்டா பேச்சு?" என்று கணவர் கேட்டார்.

"உயிரப் பாப்போம் சார் முதல்ல," என்றார் டாக்டர்.

ஏன் எனக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் புகைபிடித்தவள் இல்லை, வெற்றிலைகூடப் போட்டதில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாட்டுப் பாடியதுதான் காரணம் என்று ஒரு சித்தி சொன்னாள்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் கொஞ்ச நாள் இருந்தது. "பாப்பாவுக்குன்னு எதாவது பேசி வையேன்," என்றார் கணவர். மைக் முன்னால் உட்கார்ந்தேன். என்ன பேசுவது? சாகப்போகிறவள் பேசுவது போல இருந்தது. நான் சாகப் போகவில்லை, பேசாமல் இருக்கத்தான் போகிறேன். அதற்கென்று ஒரு பேச்சு எனக்குத் தெரியவில்லை. கடைசியில் மீதியிருந்த நத்தைப் பாட்டுகளை எல்லாம் பாடி முடித்து பெங்களூருக்கு அனுப்பினேன். வேலை என்றால் குரல் வந்தது.

மதுரையிலிருந்து திரும்பும்போது என் கழுத்தில் ஒரு துளை இருந்தது. மூச்சு இனிமேல் அந்த வழியாகத்தான். மூக்குக்கும் வாய்க்கும் நெஞ்சோடு இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று. பேச்சு போகும் என்று தெரிந்துதான் போனேன். மற்றவை போகும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது. சிரித்தால் சத்தமில்லை. அழுதாலும் சத்தமில்லை, துளையை மறைத்துக் கழுத்தில் கட்டியிருக்கும் துணி மட்டும் ஏறி இறங்கும். மீன் குழம்பின் வாசம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் மகளுக்கு இட்லி ஊட்டப் போனேன். சூடாக இருந்தது. வழக்கம்போல ஊதினேன். இட்லி அப்படியே இருந்தது, துணிதான் படபடத்தது. அவள் இட்லியைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்து போய் அவள் அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்தத் துளையின் சத்தம் அவளுக்குப் பயம். நான் இருமினால் வேறு அறைக்கு ஓடிவிடுவாள். இரவில் என்னோடு படுக்க மாட்டாள். பகலெல்லாம் கூடத்து மூலையில் போனை மடியில் வைத்துக்கொண்டு நத்தையைப் பார்த்தாள். சளி பிடித்த எபிசோட் முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து வைப்பாள். நான் அடுக்களையில் நின்று என் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த இடத்தில் உடையும் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் அங்கே வரும்போது பாத்திரத்தை ஓங்கி வைப்பேன்.

தாடைக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுகிற ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். உதட்டை அசைத்தால் அது சத்தமாக்கும். பழகப் பழக வார்த்தைகள் தெளிவாகத்தான் வந்தன. ஆனால் எல்லா வார்த்தையும் ஒரே ஸ்வரம். கேள்விக்கும் கோபத்துக்கும் கொஞ்சலுக்கும் அதே ஸ்வரம். மகளிடம் ஒருநாள் அதை வைத்து "வாடா தங்கம்" என்றேன். "ரோபோ வேண்டாம்," என்று வீறிட்டாள். கருவியை அலமாரியில் வைத்துவிட்டேன். அதன்பிறகு எல்லாம் போனில் டைப் செய்துதான். அவளுக்கோ இன்னும் எழுத்து தெரியாது.

இப்படியிருக்கும்போதுதான் இயக்குநர் பேசினார். நல்ல மனுஷன். நான் மதுரையில் படுத்திருந்தபோது பல தடவை விசாரித்தவர். கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நத்தையோட அடுத்த சீசன் வருது. மியூசிக் நீங்கதான். குரலுக்கு ஒரு வழி இருக்கு. உங்க பழைய ரெக்கார்டிங் எல்லாம் எங்ககிட்ட இருக்கு. அதைக் கொடுத்துட்டா கம்ப்யூட்டரே கத்துக்கும். நாம வசனத்தை டைப் பண்ணினா உங்க குரல்ல பேசும், பாடும். நீங்க சம்மதிச்சாதான். ஒரு சாம்பிள் அனுப்புறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க. உங்க பாப்பாவுக்காகவும் ஒண்ணு பண்ணச் சொல்லியிருக்கேன்."

இரண்டு சாம்பிள்கள் வந்தன. முதலாவது நத்தை, புதுப்பாட்டு. நான் பாடாத பாட்டை நான் பாடினேன். உடையாமல், மூச்சே வாங்காமல். இரண்டாவதைக் கணவர் மகளைக் கூப்பிட்டு வைத்துப் போட்டார்.

"பாப்பா, அம்மா பேசுறேன். சமத்தா சாப்பிட்டியா? அம்மாவுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்."

நான் அவளிடம் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. "தின்னியாளா?" என்றுதான் கேட்பேன். பிடிக்கும் என்றெல்லாம் யார் வீட்டில் சொல்கிறார்கள்? ஆனால் குரல் என்னுடையது. சளிக்கு முந்திய குரல். என் மகளின் முகம் அப்படியே மலர்ந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்கு நேரே கொண்டுபோனாள்.

"எம்மா! நீ எங்கன இருக்க?"

நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் எங்களுக்குள் சண்டை வந்தது. அவர் பேசினார், நான் டைப் செய்தேன். கோபத்தில் டைப் செய்வது கொடுமை. நான் முடிப்பதற்குள் அவர் அடுத்ததைப் பேசிவிடுவார், நான் எழுதியது அதற்கு முந்தின பேச்சுக்குப் பதிலாக நிற்கும்.

"புள்ள எப்படிச் சிரிச்சா பாத்தியா? எத்தன நாளாச்சு!"

'செத்தவளுக்குச் செய்யுற மாதிரி இருக்கு. நான் இங்கனதான இருக்கேன்,' என்று காட்டினேன்.

"நீ இருக்க. யாரு இல்லன்னா? அவளுக்கு அந்தக் குரலு வேணும்லா?" பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கும்தான் வேணும். ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல நத்தையத்தான் போட்டுக் கேக்கேன். எல்லாவனும் சிரிக்கான், புள்ளைங்க படம் பாக்கேன்னு."

அது எனக்குத் தெரியாது. போனைக் கவிழ்த்து வைத்தேன். பெங்களூருக்கும் பதில் அனுப்பவில்லை. அவர் தினமும் காலையில் அலுவலகம் போகுமுன் மகளுக்கு அந்தச் சாம்பிளைப் போட்டுக் காட்டினார். அவள் சாப்பிட்டுவிட்டேன் என்று அதனிடம் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை மீன் வாங்கத் திரேஸ்புரம் போயிருந்தோம். கணவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். மகள் என் கையைப் பிடித்திருந்தாள், பிடித்திருந்தாள் என்றுதான் நினைத்தேன். எதிர்ப்பக்கம் பலூன்காரனைப் பார்த்துவிட்டுக் கையை உருவிக்கொண்டு ஓடினாள். ஐஸ் ஏற்றிய ஒரு சின்ன லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். உடம்பு மொத்தத்தையும் திரட்டிக் கத்தினேன். வாய் திறந்தது, கழுத்துத் துணி ஒரு தடவை விசிறியது, அவ்வளவுதான். கால் நகரவில்லை. இத்தனை வருடமாக முதலில் குரல், பிறகுதான் கால் என்று பழகிய உடம்பு.

"ஏளா! நில்லுளா!"

மீன் விற்கிற ஒரு பெண்தான் கத்தினாள். கத்திக்கொண்டே எட்டி என் மகளின் கவுனைப் பிடித்து இழுத்துவிட்டாள். லாரி என் மகள் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. அந்தப் பெண் பிள்ளையை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வாயத் தொறந்து கூப்பிட மாட்டியா நீ? புள்ளய விட்டுட்டு ஊமை மாதிரி நிக்க!"

பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. திரும்பிப் போய்த் தன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் மகளைத் தூக்கி இறுக்கிக்கொண்டேன். அவள் பயத்தில் துணியைக்கூட மறந்து என் கழுத்தில் முகம் வைத்து அழுதாள். நானும் அழுதேன். அது யாருக்கும் கேட்கவில்லை.

கூப்பிட வேண்டிய நேரத்தில் வராத குரல் போனுக்குள் இருந்து என்ன? அன்றே பெங்களூருக்கு எழுதினேன். என் குரலைச் செய்ய வேண்டாம், வேறு பாடகியைப் பாருங்கள், இசை நான் செய்கிறேன் என்று. இயக்குநர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. கணவரும் சொல்லவில்லை. தன் போனிலிருந்த சாம்பிளை என் முன்னால் அழித்தார். அழித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு நேரம் கழித்து வந்தார். நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது தெரிந்த அந்த முதுகு நினைவுக்கு வரும்போதெல்லாம் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

புது நத்தை சென்னையில் இருக்கும் ஓர் இளம்பெண். நல்ல குரல், என்னுடையதைவிட நல்ல குரல். வீடியோவில் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முன்பென்றால் நானே பாடி அனுப்பிவிடுவேன். இப்போது கீபோர்டில் மெட்டை வாசித்து, கையால் காற்றில் கோடு போட்டு, மூக்கைத் தொட்டுக் காட்டி, 'இங்கே இன்னும் சோம்பேறித்தனமாக' என்று டைப் செய்து, அவள் படித்துப் புரிந்துகொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமைசாலி. ஒருதடவை அவளுக்கு ஓர் இழுப்பு வரவே இல்லை. என்னையறியாமல் வாயைத் திறந்து பாடிக் காட்டினேன். திரையில் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைக் குனிந்து, "சாரி மேடம், நான் இன்னொரு தடவை ட்ரை பண்றேன்," என்றாள்.

புது சீசன் வந்த அன்று மகளை மடியில் உட்காரவைத்துப் போட்டேன். இசையில் எந்தக் குறையும் இல்லை. நத்தை வாயைத் திறந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இது நீ இல்ல."

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"ஏன் உன் குரல வேற ஆளுக்குக் குடுத்த?"

இல்லை, கொடுக்கவில்லை என்று தலையாட்டினேன். அவள் கேட்கவில்லை. இறங்கிப்போய் அவள் அப்பாவின் செருப்பை எடுத்து வந்து திரையில் அடித்தாள். அதற்குப் பிறகு அவள் நத்தையைப் பார்க்கவே இல்லை. பழைய எபிசோடுகளைக்கூட.

அந்த சீசனோடு நானும் அதை விட்டுவிட்டேன். இப்போது கேம்களுக்கு மட்டும் செய்கிறேன். அதில் யாரும் பேசுவதில்லை. கடலுக்கடியில் போகும் ஒரு கேம், இருட்டுக் கட்டடத்தில் வழிதேடும் ஒரு கேம். இயக்குநர் இன்னும் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

மகள் பள்ளிக்கூடம் போகிறாள். எழுத்து படிப்பதற்கு முன்பே என் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். எப்போது, எப்படி என்று நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. கடைக்குப் போனால் என் வாயைப் பார்த்து அவளே சொல்வாள். "அண்ணாச்சி, எங்கம்மா பூண்டு கேக்காவ. சின்னது வேண்டாமாம்." ஒருநாள் கடைக்கார அண்ணாச்சி அவளிடம், "அம்மாவுக்குத் தொண்டை எப்பம்மா சரியாவும்?" என்று கேட்டார். "சரியாவாது. எடுத்துட்டாவ," என்றாள், பூண்டு விலை சொல்வதுபோல.

போன வாரம் மதுரையில் பரிசோதனைக்குப் போனோம். கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி புதிதாகத் தெரிகிறது என்றார்கள். சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், பார்ப்போம் என்றார் டாக்டர். மகளை வெளியே நர்ஸோடு உட்காரவைத்திருந்தோம். வாடகைக் காரில் திரும்பினோம், கணவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் பின்சீட்டில் என் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். தூத்துக்குடி நெருங்கும்போது விழித்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாவ?"

ஒன்றுமில்லை என்று உதட்டை அசைத்தேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து என் வாயையே பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

சொன்னேன்.

"பொய் சொல்லுத," என்றாள். அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீடு வரும்வரை என் பக்கம் பார்க்கவில்லை.